பாசிக்கும் பசி உண்டு

நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் சயனோபாக்டீரியா அமினோ அமிலங்களை ஏன் உடைக்கிறது, எப்படி உடைக்கிறது? இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கின்றன. நேராகப் பதிலுக்குப் போவோம்.

? வெயில், தண்ணீர், காற்று மூன்றும் இருந்தால் தன் சாப்பாட்டைத் தானே தயாரித்துக்கொள்ளும் உயிர் இது. அப்படியிருக்க, கட்டிய அமினோ அமிலத்தை எதற்காக உடைக்க வேண்டும்?
— ஆசிரியை, கும்பகோணம்

வெயிலை வைத்து அது தயாரிப்பது சர்க்கரை. சர்க்கரையில் கார்பன் உண்டு, ஹைட்ரஜன் உண்டு, ஆக்ஸிஜன் உண்டு. நைட்ரஜன் மருந்துக்குக்கூடக் கிடையாது. ஆனால் புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும், டிஎன்ஏவுக்கு வேண்டும், வெயிலைப் பிடிக்கிற பச்சையத்துக்கே வேண்டும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே என்று கேட்பீர்கள். இரண்டு அணுக்கள் இறுகக் கட்டிக்கொண்ட மூலக்கூறு அது. அப்படி ஒரு மூலக்கூறைப் பிரித்து அம்மோனியாவாக்கச் செல்லின் சக்தி நாணயமான ஏடிபியில் குறைந்தது 16 செலவாகிறது. அந்தச் செலவைச் செய்யும் கருவியே பல சயனோபாக்டீரியா இனங்களிடம் இல்லை. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் சினெக்கோசிஸ்டிஸ் அப்படிப்பட்ட ஒன்று. தண்ணீரில் கரைந்து வரும் நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் நம்பித்தான் அது வாழ்கிறது. வரத்து நின்றால் ஏற்கெனவே கையில் இருப்பதைத்தான் எடுத்தாள வேண்டும்.

நாம் பட்டினி கிடந்தால் தசைப் புரதத்தை உடைத்துச் சக்தியை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை யூரியாவாகச் சிறுநீரில் விடுகிறோம். பாசி இதற்கு நேர் எதிர். நைட்ரஜனைக் கைப்பற்றத்தான் அது உடைக்கிறது. சக்தி கிடைத்தால் அது கூடுதல் வரவு. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

? இருபது அமினோ அமிலங்களையும் உடைக்குமா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

கிடைத்ததை எல்லாம் உடைத்து, அதை மட்டுமே தின்று வாழும் மண் பாக்டீரியாக்கள் உண்டு. சயனோபாக்டீரியாவில் பெரும்பாலானவை அந்த ரகம் இல்லை. இருட்டில் வைத்து அமினோ அமிலக் கரைசலை மட்டும் ஊற்றினால் அவை வளராது. அவற்றின் உடைப்பு வேலை சிலவற்றைச் சுற்றியே மும்முரமாக நடக்கிறது: அர்ஜினின், அஸ்பார்டேட், குளுட்டமேட், குளுட்டமின், புரோலின், கிளைசின். இதில் முதல் இடம் அர்ஜினினுக்கு. புரதங்களில் வரும் இருபதில் மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு நைட்ரஜன் அணுக்கள் கொண்டது அது ஒன்றுதான்.

? சயனோஃபைசின் என்று ஒரு பொருளைப் பாடத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அது என்ன?
— எம்.எஸ்சி. மாணவி, திருச்சி

ஒரு வரியில் கடந்துபோகிற சங்கதி அல்ல அது. என்னைக் கேட்டால் நுண்ணுயிர் உலகின் மிக அழகான சேமிப்புப் பொருள் இதுதான்.

1887-இல் இத்தாலியத் தாவரவியலாளர் அந்தோனினோ போர்சி, நாஸ்டாக் வகைப் பாசி இழைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது செல்களுக்குள் மணிமணியாக ஏதோ இருப்பதைக் கண்டு அதற்கு இந்தப் பெயர் வைத்தார். அவர் அந்தக் கட்டுரையில் எழுத வந்த விஷயமே வேறு: இழையில் உள்ள செல்களுக்கிடையே நடக்கும் தொடர்பு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மணிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராபர்ட் சைமன் அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது இரண்டே அமினோ அமிலங்கள் இருந்தன: அஸ்பார்டேட்டும் அர்ஜினினும், ஏறக்குறைய சரிபாதியாக. அஸ்பார்டேட்டுகள் கைகோத்து நீளமான முதுகெலும்பாக நிற்கின்றன. ஒவ்வோர் அஸ்பார்டேட்டிலிருந்தும் பக்கவாட்டில் ஓர் அர்ஜினின் தொங்குகிறது. சாதாரணப் புரதம் மாதிரி ரைபோசோமில் தயாராவதில்லை. ரைபோசோமை முடக்கும் குளோராம்ஃபெனிகால் மருந்தைக் கொடுத்தாலும் மணிகள் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே போகின்றன. சயனோஃபைசின் சிந்தட்டேஸ் என்ற ஒரே நொதி, ஏடிபியைச் செலவழித்து, ஆர்என்ஏ செய்தி எதுவும் இல்லாமலே அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணப் புரதத்தின் எடையில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம். சயனோஃபைசினில் அஸ்பார்டேட் ஒன்று, அர்ஜினின் நான்கு என்று ஜோடிக்கு ஐந்து நைட்ரஜன் அணுக்கள் வருவதால் சுமார் 26 சதவீதம். செல்லின் உள்நீரில் அது கரைவதில்லை என்பதால் எவ்வளவு குவித்தாலும் அடர்த்திச் சிக்கல் வராது. சாதாரணப் புரதம் வெட்டும் நொதிகளுக்கும் அது மசிவதில்லை. அறுவடைக் காலத்தில் நிரப்பி வாயை மண் பூசி மூடிய நெல் குதிர் போல, எலியும் அண்டாது, ஈரமும் ஏறாது.

? சரி, மூடிய குதிரை யார் திறப்பது?
— அதே மாணவி, அடுத்த தாளில்

இதற்கென்றே சயனோஃபைசினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது சயனோஃபைசின் சங்கிலியின் நுனியிலிருந்து அஸ்பார்டேட்-அர்ஜினின் ஜோடிகளாகக் கழற்றிப் போடும். அடுத்த நொதி வந்து ஜோடியைப் பிரித்து இரண்டு தனி அமினோ அமிலங்களாக்கும். அஸ்பார்டேட்டுக்குச் செல்லில் ஆயிரம் வேலை உண்டு, நேராகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். நான்கு நைட்ரஜனையும் சுமந்து நிற்கும் அர்ஜினினை என்ன செய்வது என்பதுதான் விஷயம். அதற்கு அடுத்த கேள்வி சரியாக அமைந்திருக்கிறது.

? அர்ஜினின் உடைந்தால் யூரியா வரும் என்றுதானே படித்தோம்? கிரெப்ஸ் கண்டுபிடித்த யூரியா சுழற்சி பாசியிலும் உண்டா?
— மருத்துவ மாணவர், மதுரை

நீங்கள் படித்தது நம் கல்லீரலுக்குச் சரி. ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்சலைட்டும் 1932-இல் வெளியிட்ட சுழற்சி அது. அர்ஜினேஸ் என்ற நொதி அர்ஜினினை யூரியாவாகவும் ஆர்னிதைனாகவும் பிளக்கிறது.

பாசியிலும் அதே மாதிரிதான் நடக்கும் என்று அறிவியலாளர்களும் நினைத்தார்கள். ஸ்பெயினில் செவில் நகரத்து ஆய்வுக் குழு, என்ரிக்கே ஃப்ளோரெஸ், அந்தோனியா எரேரோ உள்ளிட்டோர், சினெக்கோசிஸ்டிஸில் அர்ஜினின் சிதைவு யூரியா சுழற்சி, அர்ஜினேஸ் வழியாக நடக்கிறது என்று 2000-இல் எழுதினார்கள். கிடைத்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான். ஆனால் ஒரு நெருடல் தீரவில்லை. அர்ஜினேஸ் என்று கருதப்பட்ட நொதிகளை எடுத்துச் சோதித்தால் அவை அர்ஜினின் மேல் வேலை செய்யக் காணோம். அவற்றுக்கு உரிய பொருள் வேறு என்று தெரிய வந்தது.

2018-இல் சீனாவிலிருந்து விடை வந்தது. ஷாங்காயில் சென் யாங் குழுவினர் சினெக்கோசிஸ்டிஸில் ஒரு புதிய நொதியைக் காட்டினார்கள்: அர்ஜினின் டைஹைட்ரோலேஸ். யூரியா என்ற இடைத்தங்கலே இல்லாமல், அர்ஜினினிலிருந்து இரண்டு அம்மோனியாவையும் ஒரு கார்பன் டை ஆக்ஸைடையும் ஒரே நொதி கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது ஆர்னிதைன். அந்த ஆர்னிதைனை வைத்து மறுபடி அர்ஜினின் கட்டலாம். நைட்ரஜன் தாராளமாக வரும் வேளையில் அர்ஜினினாகவும் சயனோஃபைசினாகவும் சேர்த்துக்கொள்வது, வரத்து நின்ற வேளையில் உடைத்து அம்மோனியா எடுப்பது என இரு பக்கமும் ஓடும் இந்த வட்டத்துக்கு ஆர்னிதைன்-அம்மோனியா சுழற்சி என்று பெயரிட்டார்கள். நைட்ரஜன் ஒரு வேளை வந்து ஒரு வேளை நிற்கும் சூழலில், இந்த நொதியை நீக்கிய பாசி ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. நம் சுழற்சி நைட்ரஜனை வெளியே தள்ளுவதற்காக ஏற்பட்டது. இவர்களுடையது உள்ளே நிறுத்துவதற்காக ஏற்பட்டது.

செவில் குழுவும் விடவில்லை. அனபீனா என்ற இழைப்பாசியில் இதே குடும்பத்து நொதி இன்னும் ஒரு படி மேலே போகிறது என்று 2019-இல் காட்டினார்கள். அங்கே ஒரே புரதத்துக்கு இரண்டு வேலை: ஒரு பகுதி அர்ஜினினை ஆர்னிதைனாக்குகிறது, மறு பகுதி ஆர்னிதைனிலிருந்து மூன்றாவது அம்மோனியாவையும் கழற்றிப் புரோலினாக்குகிறது. பிறகு இன்னொரு நொதி புரோலினைக் குளுட்டமேட்டாக மாற்றுகிறது. இந்தக் கடைசிக் கட்டம் ஓர் ஆக்ஸிஜனேற்றம். அதில் வெளிப்படும் எலக்ட்ரான்கள் சுவாசச் சங்கிலிக்குப் போய்ச் சக்தியாகின்றன. நான்கு நைட்ரஜனில் மூன்று அம்மோனியாவாகக் கையில் வந்துவிட்டன. நான்காவது குளுட்டமேட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஓர் அணுகூட வீணாகவில்லை. தன் பழைய முடிவைத் தானே திருத்திக்கொண்டு மேலே போன அந்தக் குழுவின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

? அம்மோனியா விஷமாயிற்றே? செல்லுக்குள்ளேயே விட்டால் பாசி செத்துப்போகாதா?
— மீன் வளர்ப்பவர், நாமக்கல்

தேங்கினால் ஆபத்துதான். அளவு மீறிய அம்மோனியா, வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கைக் கருவியையே சேதப்படுத்தும். அதனால் தேங்க விடுவதில்லை. குளுட்டமின் சிந்தட்டேஸ் என்ற நொதி, ஏடிபி செலவில் அம்மோனியாவைக் குளுட்டமேட்டோடு ஒட்டிக் குளுட்டமின் ஆக்குகிறது. அடுத்த நொதி குளுட்டமினையும் ஆக்ஸோகுளுட்டரேட் என்ற நைட்ரஜன் இல்லாத கார்பன் பொருளையும் சேர்த்து இரண்டு குளுட்டமேட் செய்கிறது. ஒன்று அடுத்த அம்மோனியாவைப் பிடிக்கத் திரும்பிப் போகும், மற்றது செல்லின் தேவைக்கு.

அந்த ஆக்ஸோகுளுட்டரேட்டில்தான் பாசியின் பசி உணர்வே இருக்கிறது. நைட்ரஜன் வராவிட்டால் அதைச் செலவழிக்க ஆள் இல்லாமல் அது செல்லில் சேர்ந்துபோகும். சேர்ந்ததும் பி-2 என்ற புரதமும் என்டிசிஏ என்ற மரபணு முடுக்கியும் அதை உணர்ந்து, நைட்ரஜன் தேடும் மரபணுக்களை எழுப்பிவிடும்.

? ஸ்பைருலினா தொட்டி போட்டிருக்கிறேன். நல்ல நீலப்பச்சையாக இருந்தது, சில நாளாக வெளிறி மஞ்சளடிக்கிறது. நோயா, பட்டினியா?
— தொழில்முனைவோர், சிவகங்கை

கடைசியாக எப்போது நைட்ரேட் போட்டீர்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு நோயைச் சந்தேகியுங்கள். ஸ்பைருலினாவுக்குப் பெயர்போன சாரூக் ஊடகத்தில் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் 2.5 கிராம் சோடியம் நைட்ரேட்டும் போடுவார்கள். ஸ்பைருலினாவால் காற்று நைட்ரஜனைப் பிடிக்க முடியாது. நைட்ரேட் தீர்ந்தால் அது முதலில் கைவைக்கும் இடம் தன் சொந்த நீல நிறம்.

அந்த நீலம் ஃபைகோசயனின் என்ற புரதம். வெளிச்சம் பிடிக்கும் இந்தப் புரதக் கொத்துகள், சயனோபாக்டீரியா செல்லில் கரையும் புரதத்தில் பாதியளவுகூட இருக்கும். நைட்ரஜன் பஞ்சம் வந்ததும் ஒரு சின்னஞ்சிறு புரதம் உருவாகி, கொத்துகளை வெட்டும் நொதியிடம் பிடித்துக்கொடுக்கிறது. துண்டான புரதத்தின் அமினோ அமிலங்கள் அவசரத் தேவைகளுக்குப் போகின்றன. நீலம் குறையும், பச்சை வெளுக்கும், மஞ்சள் தெரியும். ஸ்பைருலினாவில் ஃபைகோசயனின் ஒரு சேமிப்புப் புரதமாகவும் இருக்கிறது என்று 1980-இலேயே இஸ்ரேலின் பூசிபாவும் ரிச்மண்டும் எழுதியிருக்கிறார்கள். வெளிறிய தொட்டி என்றால் சந்தையில் விலை போகும் நீலத்தைப் பாசி தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடும் வெயிலிலும் வெளிறல் வரலாம், எனவே நிழல்வலையையும் கவனியுங்கள்.

உங்களுக்கு ஓர் ஆறுதல். இதே மாதிரி மஞ்சளாகி உறங்கிப்போன சினெக்கோசிஸ்டிஸுக்கு நைட்ரேட் கொடுத்து, ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஃபோர்க்ஹாமர் குழு பார்த்தது. சேமித்த கிளைக்கோஜனை எரித்துச் சக்தி எடுத்து, முதலில் புரதம் செய்யும் கருவிகள், பிறகு ஒளிச்சேர்க்கை என்று ஒழுங்கு தவறாமல் எழுந்து, இரண்டு நாளில் பழைய பச்சைக்குத் திரும்பிவிட்டது.

? பட்டினி இல்லாத நாளில் இந்த உடைப்பு நடக்காதா?
— இல்லத்தரசி, கோவை

தினமும் நடக்கிறது, அதுவும் நல்ல வெயிலில் வேகமாக. ஒளிச்சேர்க்கையின் மையத்தில் டி-1 என்றொரு புரதம் இருக்கிறது. வெயில் படப்படச் சேதமாகும் புரதம் அது. கடும் வெளிச்சத்தில் சில பத்து நிமிடங்களிலேயே பழையதை வெட்டி எடுத்துப் புதியதைப் பொருத்த வேண்டியிருக்கிறது. வெட்டியதில் வந்த அமினோ அமிலங்கள் அடுத்த புரதத்துக்குப் போகும்.

இன்னொன்று கிளைசின். கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி சில நேரம் ஆக்ஸிஜனைப் பிடித்துவிடும். அப்போது உண்டாகும் வேண்டாத பொருளை மீட்கும் வழிகளில் ஒன்று கிளைசின் வழியாகப் போகிறது: இரண்டு கிளைசின் சேர்ந்து ஒரு செரின், ஒரு கார்பன் டை ஆக்ஸைடு, ஓர் அம்மோனியா. அந்த அம்மோனியாவையும் விடாமல் திரும்பப் பிடிக்க வேண்டும். சினெக்கோசிஸ்டிஸில் இந்த மீட்பு வழிகள் மூன்று உண்டு, மூன்றையும் அடைத்துவிட்டால் சாதாரணக் காற்றில் அதனால் வாழவே முடியாது என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

? அனபீனா இழையில் ஒரு செல் நைட்ரஜன் பிடிக்கிறது, மற்ற செல்கள் சாப்பிடுகின்றன என்று படித்தேன். எந்த வடிவில் கைமாற்றிக் கொடுக்கிறது?
— தாவரவியல் விரிவுரையாளர், தஞ்சாவூர்

போர்சியை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பின்னணி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும், ஒளிச்சேர்க்கையோ ஆக்ஸிஜனைக் கொட்டும். எனவே நைட்ரேட்டும் அம்மோனியாவும் இல்லாத தண்ணீரில் அனபீனா, பத்து இருபது செல்லுக்கு ஒன்றை ஹெட்டிரோசிஸ்ட் என்ற தனிச் செல்லாக மாற்றிக்கொள்கிறது. தடித்த சுவர், ஆக்ஸிஜன் வெளியிடுவதில்லை, இனிப் பிரிவதும் இல்லை. பக்கத்துச் செல்கள் அதற்குச் சர்க்கரை அனுப்பும், அது நைட்ரஜன் அனுப்பும்.

குளுட்டமின் வடிவில் போகிறது என்பது பழைய செய்தி. 2014-இல் செவில் குழு இரண்டாவது வழியைக் காட்டியது. ஹெட்டிரோசிஸ்டின் கழுத்துப் பகுதியில், அதாவது பக்கத்துச் செல்லோடு சேரும் இடத்தில், சயனோஃபைசின் அடைத்திருக்கும். அதை ஜோடிகளாகக் கழற்றும் நொதி ஹெட்டிரோசிஸ்டில் மிகுதி. ஜோடியைத் தனித்தனியாகப் பிரிக்கும் அடுத்த நொதியோ சாதாரணச் செல்களில்தான் மிகுதி. அதாவது ஜோடி ஜோடியாகவே சுவர் தாண்டிப் போய், அந்தப் பக்கத்தில் பிரிக்கப்படுகிறது. பிரிக்கும் நொதியை நீக்கிய அனபீனாவில் ஜோடிகள் குவிந்துபோயின, காற்று நைட்ரஜனை மட்டும் நம்பி அது ஒழுங்காக வளரவும் இல்லை.

அர்ஜினினை ஹெட்டிரோசிஸ்டுக்குள்ளேயே உடைத்து அம்மோனியா ஆக்கினால் அது கசிந்து வெளியே போய்விடும் அபாயம் உண்டு. ஜோடியாக அனுப்பினால் ஒரே மூலக்கூறில் ஐந்து நைட்ரஜன் பத்திரமாகப் போய்ச் சேரும். உடைப்பு வேலையை இரண்டு செல்கள் பங்குபோட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. செல்களின் தொடர்பைத் தேடியபோது போர்சி கண்ணில் பட்ட மணி, அந்தத் தொடர்பிலேயே பங்குகொள்ளும் பொருள் என்று தெரிய 127 ஆண்டுகள் ஆயின.

? நட்ட பத்தாம் நாள் நீலப்பச்சைப் பாசி உரம் தூவினேன். கூடவே யூரியாவும் போட்டேன். பாசி ஒரு வேலையும் செய்யவில்லை. காசு வீண்தானா?
— விவசாயி, திருவாரூர்

பாசி மேல் தப்பில்லை ஐயா. வாசலிலேயே நைட்ரஜன் கிடைக்கும்போது 16 ஏடிபி செலவழித்துக் காற்றிலிருந்து எடுக்க எந்தப் பாசியும் முன்வராது. யூரியா வயலில் அம்மோனியாவாக மாறும். அது தண்ணீரில் இருக்கும் வரை அனபீனா ஹெட்டிரோசிஸ்டே உருவாக்காது, இருக்கிற அம்மோனியாவைத் தின்று சும்மா வளரும். இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். பாசிக்குத் தேங்கிய தண்ணீரும் வெளிச்சமும் சூப்பர் பாஸ்பேட்டும் பிடிக்கும். யூரியா எவ்வளவு குறைக்கலாம், எந்த நாளில் மேலுரம் என்பதை உங்கள் மண் பரிசோதனை அட்டையோடு வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உரம் போடாத நெல் வயலும் ஆண்டுக்கு ஆண்டு விளைவதற்கு இந்தப் பாசிகள் பிடிக்கும் நைட்ரஜன் ஒரு காரணம் என்று 1939-இலேயே பி. கே. டே எழுதினார். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: பாசி உயிரோடு இருக்கையில் பயிருக்கு அள்ளிக் கொடுக்காது. கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். பெரும்பங்கு, பாசி செத்து மண்ணில் மட்கும்போது வருகிறது. அப்போது அதன் அமினோ அமிலங்களை மண் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக்கும், வேர் அதை எடுத்துக்கொள்ளும். அதனால் பலன் தெரியக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

? சயனோபாக்டீரியாவில் கிரெப்ஸ் சுழற்சி (சிட்ரிக் அமிலச் சுழற்சி) முழுமையாக இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சரிதானே?
— ஆசிரியர், ஈரோடு

இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள். 1967-இல் வந்த ஆய்வுகளில் ஆக்ஸோகுளுட்டரேட்டை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும் வழக்கமான நொதி காணப்படவில்லை. அதை வைத்து 'அறுந்த சுழற்சி' என்ற கருத்து பாடநூல்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது. 2011-இல் ஷூயி ஜாங்கும் டொனால்ட் பிரையன்ட்டும் வேறு இரண்டு நொதிகள் அந்த இடைவெளியை அடைப்பதைக் காட்டினார்கள். 2014-இல் அரிசோனாவில் விம் வெர்மாஸ் குழு இன்னொரு சுற்றுவழியைச் சினெக்கோசிஸ்டிஸில் உறுதிப்படுத்தியது: குளுட்டமேட்டிலிருந்து காபா, அதிலிருந்து சக்சினேட். காபா என்றால் நம் மூளை நரம்புகளை அமைதிப்படுத்தும் அதே பொருள்.

நம் தலைப்புக்கு இது முக்கியம். அர்ஜினின் வழியாக வந்த குளுட்டமேட்டுக்கு எரிந்து சக்தியாகும் பாதையும் திறந்துதான் இருக்கிறது என்பதை இது சொல்கிறது. புதிய பாடநூல் வரும்வரை காத்திராமல் வகுப்பில் நீங்களே சொல்லிவிடுங்கள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்காது.

? வெயில் இல்லாத இரவில் பாசி எதைத் தின்னும்?
— எட்டாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

பகலில் சேர்த்த கிளைக்கோஜனைத் தின்னும் தம்பி. உன் கல்லீரலில் இருப்பதும் அதே மாவுப்பொருள்தான். ஆனால் சயனோதீஸ் என்று ஒரு கடல் இனம் இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை செய்து கிளைக்கோஜன் சேர்க்கும். ஆக்ஸிஜன் உற்பத்தி நின்ற இரவில் அந்தக் கிளைக்கோஜனை எரித்துக் காற்று நைட்ரஜனைப் பிடித்துச் சயனோஃபைசினாகக் குவிக்கும். விடிந்ததும் சயனோஃபைசினை உடைத்து அமினோ அமிலம் எடுத்துப் புரதம் கட்டும். ஒரே செல், இரண்டு ஷிப்ட்.

? கடலில் வாழும் சயனோபாக்டீரியாவுக்கு அமினோ அமிலம் வெளியிலிருந்து கிடைக்குமா?
— மீனவர் குடும்பத்துப் பட்டதாரி, தூத்துக்குடி

கிடைக்கும், ஆனால் துளித்துளியாக. 1980-களில் சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன் குழுவினர் கண்டெடுத்து 1988-இல் அறிவித்த புரோகுளோரோகாக்கஸ், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கக்கூடிய அளவு சிறியது. நைட்ரஜன் வறண்ட நடுக்கடலில்தான் அதன் ராஜ்யம். மற்ற உயிர்கள் செத்துக் கரைந்த அமினோ அமிலங்களை அது தண்ணீரிலிருந்து உறிஞ்சுகிறது என்பதை மிகைல் சுப்கோவ் குழு 2003-இல் மெத்தியோனைனை வைத்துக் காட்டியது. வெளிச்சம் பட்டால் உறிஞ்சுவது இன்னும் கூடுகிறது. வெயிலிலிருந்து சக்தி, தண்ணீரிலிருந்து தயார்நிலை நைட்ரஜன்: தானே உழைத்துச் சாப்பிடும் உயிர் என்று நாம் போட்ட கோடு கடலில் அவ்வளவு தெளிவாக இல்லை.

? இதனால் மனிதனுக்கு என்ன பிரயோஜனம்?
— ஓய்வுபெற்ற அலுவலர், சேலம்

சயனோஃபைசின் செய்யும் மரபணுவைப் புகையிலையிலும் உருளைக்கிழங்கிலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், பாக்டீரியாவிலும் தயாரிக்கிறார்கள். அர்ஜினினைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் அஸ்பார்டேட் சங்கிலி, மண்ணில் மட்காத சில செயற்கைப் பாலிமர்களுக்கு மாற்றாகக்கூடியது. செலவுதான் இன்னும் தடை. ஆனால் பிரயோஜனம் இல்லாவிட்டாலும் நான் இதைப் படிப்பேன் ஐயா. 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நம் காற்றில் ஆக்ஸிஜனைச் சேர்க்கத் தொடங்கிய உயிர்களின் சந்ததி எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு காரணம் எனக்கு வேண்டியதில்லை.

? பள்ளி நுண்ணோக்கியில் சயனோஃபைசினைப் பார்க்க முடியுமா?
— ப்ளஸ் ஒன் மாணவி, தேனி

முடியும். நீலப்பச்சைப் பாசி உரப் பாக்கெட் ஒன்று வாங்குங்கள். அதில் அனபீனா, நாஸ்டாக், ஆலோசைரா, டாலிபோத்ரிக்ஸ் போன்றவை கலந்திருக்கும். ஒரு சிட்டிகையைத் தட்டில் தண்ணீர் ஊற்றித் தூவி, வெளிச்சமான ஜன்னலோரம் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். உரம் எதுவும் கலக்க வேண்டாம், நைட்ரஜன் இருந்தால் ஹெட்டிரோசிஸ்ட் வராது. படர்ந்த பச்சையிலிருந்து ஊசி முனையால் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மூடுதகடு போட்டு, 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். மணிமாலை மாதிரி இழைகளில் இடையிடையே வெளிறிய, தடித்த சுவருள்ள செல் தெரியும். அதன் இரு முனைகளிலும், பக்கத்துச் செல்லைத் தொடும் இடத்தில், பளிச்சென்று ஒரு புள்ளி இருக்கும். இழையின் நுனியில் அமைந்த செல்லானால் ஒரு பக்கம் மட்டும். அதுதான் சயனோஃபைசின். ஃபோகஸ் திருகை மெல்ல முன்னும் பின்னும் திருப்புங்கள், புள்ளி மின்னும்போது படம் வரைந்து அனுப்புங்கள்.